ஓட்டையை எங்கே பதிவது?

தவளைக்கு நடந்தது அநியாயம், வேறென்ன! எல்லோருமாக மண் சுமந்து கட்டிய பொதுக் குளத்தின் கரையில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று முதலில் பார்த்துச் சொன்னதே அவள்தான். அவளையே அலைக்கழித்துவிட்டார்கள்.

"என் தலைப்பிரட்டைகளுக்கு இன்னும் கால்கூட முளைக்கவில்லை. தண்ணீர் போய்விட்டால் அதுகள் எங்கே போகும்? ஆளுக்கு ஓர் அலகு மண் வைத்து அடையுங்களேன்!" என்று பறவைகளிடம் சொன்னாள்.

"அடைக்கலாம் அக்கா. முதலில் புகாரை எங்கே பதிவது என்று முடிவாகட்டும்," என்றது மரங்கொத்தி. "மரத்தில் கொத்தி வைத்தால் அழியாது."

"யார் ஏறிப் படிப்பது? என்னிடம் சொன்னால் ஊருக்கே ஒப்பிப்பேன்," என்றது கிளி.

"ஒப்பிப்பாய், பாதியை மாற்றி!"

தவளை வாயைத் திறந்தபோதெல்லாம், "முறைப்படி வாங்க அக்கா," என்றன இரண்டும். அதில் மட்டும் அப்படியோர் ஒற்றுமை!

அவள் ஒருத்தியாக அப்பிய சேறு நிற்கவில்லை. கடைசித் தலைப்பிரட்டையையும் வாயில் சுமந்துபோய்ப் பக்கத்து வாய்க்காலில் விட்டுவிட்டுத் திரும்பினாள். மரம்தான் என்று முடிவாகி, அவளுடைய புகாரே முதலாவதாகக் கொத்தப்பட்டிருந்தது. கீழே பதிலும் இருந்தது. கிளி அதை ஓர் எழுத்து மாறாமல் படித்துக் காட்டியது:

"நேரில் போய்ப் பார்த்தோம். குளத்தில் சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. ஆகவே எதுவும் ஒழுகவில்லை. புகார் முடிக்கப்பட்டது."