போர் தண்ணிக் கறை

"ஆசிட் ஊத்தாம இந்தக் கறை எப்டிமே போவும்?"

"ஊத்துனா பாப்பாவுக்கு மூச்சு எப்டிய்யா வரும்?"

கோவில்பதாகை ஏரியாவுல ஒரு ஊட்டு பாத்ரூம் வாசல்ல புருசனும் பொண்டாட்டியும் மல்லுக்கு நிக்கிறாங்க. கோபி கையில ஆசிட் பாட்டில். எழிலரசி அந்தக் கையை உடாம புடிச்சிகினு கீறா. உள்ரூம்ல நெபுலைசர் மிஷின் கர்ருனு ஓடுது. போன வாரம் ஆசிட் நெடி பட்டதுலேர்ந்து பாப்பாவுக்கு இழுப்பு நிக்கவே இல்ல. "நேத்து எங்கம்மா வழுக்கி உழுந்தாங்களே, அதுக்கு இன்னா சொல்ற?"ன்னு கோபி கேக்குறான். போர் தண்ணி உப்பு தரையெல்லாம் மஞ்சளா ஏடு கட்டிக் கீது, அது மேல சோப்புத் தண்ணி பட்டா வழவழன்னு காலை வாருது. பாட்டிலைப் புடுங்கி ஓரமா வெச்சிட்டு எழிலரசி குந்துறா. சோடா மாவைத் தூவி மேல வினிகரை ஊத்துறா. நுரை புஸ்ஸுனு பொங்குது, கறை மட்டும் அப்டியே கீது. எலுமிச்சைத் தோலால அழுத்தித் தேய்க்கிறா, விரல் நுனியெல்லாம் எரியுது. ஜன்னல் வெயில் சரியா அந்த மஞ்சள் மேலயே வந்து உழுது. மிஷின் நிக்குது. பாப்பா இருமுது. தேய்க்கிற கையும் நின்னுபோவுது. அந்த நேரம் பார்த்து ஹால்லேர்ந்து கோபியோட அம்மா, "டேய், பாத்ரூம் போவணும்டா, வந்து கையைப் புடி"ன்னு கூப்புடுறாங்க. ரெண்டு பேரும் பாட்டிலையே பாக்குறாங்க.

உங்க ஊட்லயும் போர் தண்ணிதானா? நெடி இல்லாம இந்த உப்பை எதால எடுக்குறீங்க? தெரிஞ்சவங்க தயவுசெஞ்சு கீழ எழுதுங்க.