பக்கத்து சீட்டின் பிரேக்

பிரேக் பிடித்தால் ஹைவேயில் வண்டி உதறுகிறது என்று அந்த அம்மா மூன்றாம் முறையாகக் காரை விட்டுவிட்டுப் போயிருந்தார். மெக்கானிக் டிஸ்க்கையும் பேடையும் ஏற்கெனவே மாற்றிவிட்டார். வீல் பேலன்ஸும் பார்த்தாகிவிட்டது. வேறு வழியில்லாமல் தானே ஹைவேக்கு ஓட்டிப் போனார். தொண்ணூறில் போகும்போது முன்னால் ஒரு லாரி வேகத்தைக் குறைத்தது. இவர் கால் போய்ச் சேருவதற்குள் பிரேக் பெடல் தானாகவே இறங்கி நடுங்கியது.

காரை அந்த அம்மாவின் வீட்டிலேயே கொண்டுபோய் விட்டார். கூடத்துக் கட்டிலில் அவர் கணவர் பக்கவாதத்தில் படுத்திருந்தார். கண் மட்டும்தான் அசையும்.

"நான் ஓட்டினா மனுஷன் பக்கத்து சீட்ல உட்கார்ந்து வெறும் தரையை மிதிச்சுக்கிட்டே வருவாரு. படுத்த பிறகுதான் நான் நிம்மதியா ஓட்டுறேன்," என்று சிரித்தபடி அந்த அம்மா கட்டில் விரிப்பை மாற்றினார். பழைய விரிப்பில் வலது குதிகால் பட்ட இடம் நைந்து ஓட்டையாகியிருந்தது. "அசையாத காலு. வாரம் ஒண்ணு கிழியுது பாருங்க."

மெக்கானிக் அந்த ஓட்டையையே பார்த்தார்.

"வண்டி சரியாயிடுச்சுல்ல? நாளைக்குப் பொண்ணைக் கூட்டிட்டு வர ஹைவேல போகணும்."

போர்வைக்குள் வலது கால் மெதுவாகக் கட்டிலில் அழுந்தியது.

கொடுக்க நீட்டிய சாவியை மெக்கானிக் திரும்பத் தன் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டார். "இல்லம்மா, இன்னும் வேலை பாக்கி இருக்கு. நாளைக்கு எடுக்காதீங்க."

"உதறினா உதறட்டும். என்கிட்ட இன்னொரு சாவி இருக்கு," என்றார் அந்த அம்மா.

பிரேக்கை மிதித்துப் பிடித்ததுபோல் அழுந்திய கால் திரும்ப எழவேயில்லை.