ஆறு மாதச் சிரப்

டாக்டர் அறையில் பாக்யராஜ் உட்காரவே இல்லை. மூன்று வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தான்.

எறும்பு கடித்துத் தடித்திருந்த காலைச் சொறிந்தபடி அவன் மனைவி சுகன்யா சொன்னாள்: "பேதிக்கு நீங்க குடுத்த ஜிங்க் சிரப் தீந்துபோச்சு டாக்டர். இன்னொரு பாட்டில் எழுதிக் குடுங்க."

"அது பதினாலு நாளைக்குத்தானேம்மா! ஆறு மாசமாவா குடுக்கறீங்க?"

"புள்ளைக்குச் சத்துதானேன்னு நானே வாங்கினேன். விடிஞ்சதும் தவளக்குப்பத்துல கம்பெனி வேனைப் புடிக்கணும். இவருதான் தெனம் ஊத்துவாரு."

டாக்டர் பேனாவை வைத்தார். "ஜிங்க் மாசக்கணக்குல அளவு மீறிப் போனா, சாப்பாட்டுல இருக்கற செம்பை உடம்புல சேரவிடாது. செம்பு கொறைஞ்சா ரத்தமும் கொறையும். உடனே டெஸ்ட் எடுக்கணும்."

சுகன்யா அழுதுவிட்டாள். "ஐயோ, நானே எம்புள்ளையக் கெடுத்துட்டேனே!"

பாக்யராஜ் முதன்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அழாதடி. ரெண்டு வாரத்துக்கு அப்புறம் வாயில வச்சாலே பாப்பா வாந்தி எடுத்துச்சு. நீ திட்டுவியேன்னு சொல்லல. தெனமும் முருங்கை மரத்தடியிலதான் ஊத்துனேன்."

சுகன்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் காலைப் பார்த்தாள்.

"யோவ்! கீரை பறிக்கப் போனா எறும்பு மொய்க்கறது இதனாலதானா?"