எதிர்மனுதாரர் முகவரி

திங்கட்கிழமை. குறைதீர் கூட்டத்துக்கு வந்தவர்கள் கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீஸ் வாசலில் முண்டியடித்தார்கள். புங்கமரத்தடியில் மனு எழுதித் தரும் செபாஸ்தியான் எதையும் கவனிக்கவில்லை. அவர் பார்வை முழுக்க மேசையில் இருந்த புதுத் தட்டச்சுக் கருவியின் மேல். கீழே பட்டன்கள், மேலே சின்னத் திரை, அவ்வளவுதான். போன் வராது, வீடியோ வராது, தட்டினால் எழுத்து மட்டும் வரும்.

“அடுத்தது யாரு? சீக்கிரம் சொல்லுங்க, யார் மேல புகார்?”

“வூட்டுக்காரரு மேலங்க” என்றது ஒரு பெண் குரல்.

“குடிக்கிறாரா?” விரல்கள் பறந்தன.

“இல்லீங்க. முன்னல்லாம் போனும் கையுமா இருந்தாரு. இப்ப அத வுட்டுட்டாரு. ஆனா இன்னா பேசுனாலும் ‘உம்’ கொட்டுறதோட சரி. மூணு மாசமா என் மூஞ்சியக்கூட நிமிந்து பாக்கல.”

“அடப்பாவி! இவனுங்கள சும்மா வுடக்கூடாதும்மா!” கோபத்தில் இரண்டு வரி கூடுதலாகவே தட்டினார். “எதிர்மனுதாரர் முகவரி?”

“கலெக்டர் ஆபீஸ் வாசல், புங்கமரத்தடி, மடக்கு மேசை.”

விரல்கள் நின்றன. செபாஸ்தியான் மெல்லத் தலையை நிமிர்த்தினார்.

டிபன் கேரியரோடு நின்றிருந்த அவர் மனைவி நான்சி கேட்டாள்:

“கையெழுத்து எங்க போடணுங்க?”