முதலாவதாக வந்தவள்

“செவனம்மா பந்தயத்துல ஓட மாட்டா, வாத்தியாரய்யா,” என்றாள் பூவாயி, மகளின் கையை விடாமல்.

தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் நாகலிங்கத்துக்கு எரிச்சல் வந்தது. “பதின்மூணு வயசுப் புள்ளைய லயத்து வீட்டுக்குள்ளயே உக்கார வச்சா ஒடம்பு என்னத்துக்கும்மா ஆகும்? ஓடியாடினாத்தானே நல்லது?”

“அவளுக்கு நெஞ்சு நோவுங்க. ஓடக் கூடாது.”

பூவாயி கொழுந்தெடுக்க மலையேறியதும், செவனம்மா தானாகவே வரிசையில் வந்து நின்றாள். விசில் சத்தம் கேட்டது. பனிக்குள் பாய்ந்து மறைந்தவள், எல்லாருக்கும் முன்னால் மேட்டு உச்சியில் தெரிந்தாள். அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

பந்தயம் பார்க்க வந்திருந்த தோட்டத் துரை கைதட்டினார். பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளையிடம் மெல்ல ஏதோ சொன்னார். கணக்கப்பிள்ளை அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

“துரையே பரிசு குடுப்பாரு போல,” என்றார் வாத்தியார் பெருமையாக.

மறுநாள் காலை வகுப்பில் பெயர் கூப்பிட்டபோது செவனம்மா இல்லை. கணக்கப்பிள்ளைதான் வாசலில் வந்து நின்றார்.

“அவள இனிமே கூப்பிடாதீங்க மாஸ்டர். காலையிலேயே வேலைக்குப் பேர் பதிஞ்சு, கூடை குடுத்து, மலைக்கு அனுப்பியாச்சு. நெஞ்சு நோவுன்னு சொல்லி, வேலைக்கு அனுப்பாம, அவ ஆத்தாக்காரி ஒரு வருசமா எங்கள ஏமாத்திட்டா. ஒங்களாலதான் தெரிஞ்சுச்சு.”

அவர் பார்வை, உட்கார்ந்திருந்த பிள்ளைகள்மேல் ஒவ்வொருவராக நகர்ந்தது.

“அடுத்த பந்தயம் எப்பங்க மாஸ்டர்?”