உடன் வந்தவள்

மூன்றாவது நாளாக அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

எதிரே எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கும் அறை. திறந்த கதவுக்குள் சிஸ்டரின் தலை தெரிகிறது. அதற்கு மேலே, சுவரில், இவளுடைய முகம்.

பச்சைப் பட்டு. நெற்றி நிறையப் பொட்டு. ஒற்றை விரலை நீட்டிச் சிரிக்கிறாள். கீழே கொட்டை எழுத்தில்: ‘கவனமாக இருந்தால் வராது.’

வாசகமும் இவளுடையதுதான். படம் எடுக்க வந்தவர்கள் என்ன எழுதுவது என்று திருதிருவென விழித்தபோது வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அன்றைக்கு அப்படியொரு பெருமை! இவளைப் போல ஊரிலுள்ள திருநங்கைகள் அத்தனை பேரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஆணுறை இல்லாமல் ஒருத்தியும் வெளியே கிளம்புவதில்லை. நல்லதுதான். யாருக்காவது இரண்டு நாள் காய்ச்சல் என்றால், “என்னடி, கவனமா இல்லையா?” என்று கேலி. அதையும் ஆரம்பித்து வைத்தவள் இவள்தான்.

பிறகு, கூடவே இருந்த சந்தனாவுக்கு வந்தது.

யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. அவள் வைத்த குழம்பை யாரும் தொடவில்லை, அவ்வளவுதான். ஒரே மாதத்தில் துணிமணியைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்கு பஸ் ஏறினாள்.

வழியனுப்பக்கூட இவள் போகவில்லை. நம் மானத்தை வாங்கிவிட்டாள் என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

இவளும் கவனமாகத்தான் இருந்தாள். புருஷனிடம் மட்டும் இல்லை. தாலி கட்டியவனிடம் ஆணுறையை நீட்டினால், நீயும் யாரோ ஒருத்தன்தான் என்று சொன்னதுபோல் ஆகிவிடாதா?

எட்டு வருஷம் நம்பினாள்.

போன வாரம், வெளியூருக்குப் போய் எடுத்த டெஸ்டின் ரிசல்ட் வந்தது.

எத்தனை பேரைக் கையைப் பிடித்து இந்தக் கதவுக்குள் கூட்டிப் போயிருப்பாள்! புதிதாக யார் வந்தாலும் சிஸ்டர் சுவரைக் காட்டி, “கவனமா இருந்திருக்கலாம்ல?” என்று கேட்பார். பக்கத்தில் நின்று இவளும் தலையாட்டுவாள். அந்தத் தலையை இப்போது எங்கேயாவது மோதிக்கொள்ளலாம் போலிருந்தது.

சிஸ்டர் நிமிர்ந்து இவளைப் பார்த்தார்.

“இன்னிக்கு யாரக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?”

முந்தாநாளும் இதையேதான் கேட்டார். ஒருத்தி வந்துகொண்டே இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். நேற்றும் அதே பொய், அதே ஓட்டம். இன்றும் ஓடலாம். ஓடி, இனி யார் முகத்தில் விழிப்பாள்? எந்த ஊருக்கு பஸ் ஏறுவாள்?

எழுந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“கூட்டிட்டு வந்துட்டேன் சிஸ்டர். கவனமா இல்லையான்னு மட்டும் கேட்டுடாதீங்க.”

சிஸ்டர் தலையைச் சாய்த்து, இவளுக்குப் பின்னால் பெஞ்சைப் பார்த்தார்.

பெஞ்சில் யாரும் இல்லை.