கடைவாயில் ஒரு வெள்ளி அடைப்பு

கொட்டாவி விட்டதுதான் நான் செய்த தவறு.

"நோயாளியா உட்கார யாராவது ஒருத்தர் மேடைக்கு வாங்க" என்று பயிற்சியாளர் கேட்டதும், கூடத்தில் இருந்த நாற்பது பல் டாக்டர்களும் ஒரே நேரத்தில் செருப்பைச் சரிசெய்யக் குனிந்தார்கள். நாள் முழுக்க அடுத்தவர்களிடம் "வலிக்கவே வலிக்காது" என்று சொல்கிறவர்கள். நிமிர்ந்திருந்த ஒரே தலை என்னுடையது. அதுவும் வாயைப் பிளந்தபடி.

"வெரி குட். வாய் ரெடியா திறந்தே இருக்கு. வாங்க டாக்டர்."

ஏரிக்கரை விடுதியில் மூன்று நாள் கோடைப் பயிற்சி. லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் இத்தனை மணி நேரம் பாடம் கேட்டாக வேண்டும். காலையில் வகுப்பு, மத்தியானம் படகு என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். அதை நம்பிப் பாதிப் பேர் அரைக்கால் சட்டையில் வந்திருந்தார்கள். என் மனைவியும் பல் டாக்டர்தான். இருவரும் சேர்ந்து ஒரே கிளினிக் நடத்துகிறோம். இரண்டாவது வரிசையில் படகுக்கான தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள். செருப்பைச் சரிசெய்யக் குனிந்தவர்களில் அவளும் ஒருத்தி.

நாற்காலியில் என்னைச் சாய்த்தார்கள். விளக்கு கண்ணில் அடித்தது. அதே விளக்கை இத்தனை வருஷமாக அடுத்தவர் கண்ணில் அடித்திருக்கிறேன். இந்தப் பக்கத்திலிருந்து அது இவ்வளவு மோசமாக இருக்கும் என்று ஒருவர்கூட சொன்னதில்லை.

சொல்லியிருப்பார்கள். வாயில் என் கை இருந்திருக்கும்.

சின்னக் கேமரா உள்ளே போனது. திரையில் என் கீழ்க் கடைவாய்ப் பல் ஒரு வீடு அளவுக்கு எழுந்து நின்றது. அதன்மேல் கறுத்துப்போன பழைய வெள்ளி அடைப்பு. ஓரமெல்லாம் பிசிறு.

 கூடம் குபீரென்று சிரித்தது.

"இது ஃபில்லிங்கா, சிமெண்ட் பூச்சா?" என்றார் கடைசி வரிசைக்காரர் ஒருவர்.

என் மனைவி எழுந்தே நின்றுவிட்டாள். "யார் போட்டதுன்னு கண்டுபிடிச்சு லைசென்ஸைப் புடுங்கணும்!"

பலத்த கைதட்டல்.

பயிற்சியாளருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அன்றைய பாடமே பழைய அடைப்பை எடுத்துவிட்டுப் பல்லின் நிறத்திலேயே புதிது வைப்பதுதான். இதைவிட மோசமான ஒன்று அவருக்குத் தேடினாலும் கிடைத்திருக்காது. மரத்துப்போக ஊசி போட்டார். நாக்கும் பாதி உதடும் எனக்குச் சொந்தமில்லாமல் போயின.

"இந்தக் கண்றாவியை எடுத்துடலாமா டாக்டர்?"

வேண்டாம் என்றேன். "ஆ" மட்டும்தான் வந்தது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். தலையைப் பலமாக ஆட்டினேன். அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டு தோளைத் தட்டிக்கொடுத்தார். நானும் என் நோயாளிகளை அப்படித்தான் தட்டிக்கொடுப்பேன்.

டிரில் சுழல ஆரம்பித்தது. சத்தம் கிட்டே வந்தது. இருபத்தாறு வருஷமாக நான் காப்பாற்றி வைத்திருந்த பொருள், இன்னும் அரை நொடியில் தூளாகிவிடும்.

கடித்துவிட்டேன்.

டிரில் பிடிக்காத கையின் விரலைத்தான். ஆனால் மரத்துப்போன வாய்க்கு அளவு தெரியாது. அவர் போட்ட சத்தத்தில் ஏரியிலிருந்த வாத்துகள் பறந்தன. கூடமே எழுந்து நின்று கைதட்டியது. கடிபடாத பல் டாக்டர் அங்கே யாரும் இல்லை. கடிக்கிற பல் டாக்டரை இப்போதுதான் பார்க்கிறார்கள்.

நல்லவேளை, ரத்தம் இல்லை. கையுறையைக் கழற்றிப் பார்த்தால் விரலில் பல்வரிசை அச்சாகப் பதிந்திருந்தது. "மேல் வரிசை நல்லா இருக்கே" என்று யாரோ பாராட்டினார்கள். டீக்கு இடைவேளை விட்டார்கள்.

நான் படகுத்துறையில் போய் உட்கார்ந்தேன். வாய் மரத்திருக்கும்போது எதையும் குடிக்கக் கூடாது என்று தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிறவன். குடித்த டீ அப்படியே சட்டையில் வழிந்தது.

மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கைக்குட்டையால் என் தாடையைத் துடைத்தாள். சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டாள்.

"ஏங்க, அது நான் போட்டதுன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

சரி என்று தலையாட்டினேன். வீட்டில் தட்டு உடைந்தாலும், "யார் இதை இங்க வச்சது?" என்று முதலில் கத்துவது உடைத்தவளான இவள்தான்.

"மாத்திடலாம், மாத்திடலாம்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? என் மானத்தை வாங்கவா வச்சிருந்தீங்க?"

கைக்குட்டையை மடித்து வைத்தாள். பிறகு குரல் மாறியது.

"ஆமா, இன்னைக்குத்தான் அதை அவ்வளவு பெருசா பாக்கறேன். அது பல்லோட மேட்டுல இருக்கு. சொத்தை பள்ளத்துலதானே விழும், மேட்டுல எங்கங்க விழும்?"

நான் உதட்டைத் தொட்டுக் காட்டினேன். மரத்திருக்கிறது, பேச வராது என்று.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், கல்லூரியில் கடைசி வருஷச் செய்முறைத் தேர்வு. அவளுக்கு வரவேண்டிய நோயாளி வரவில்லை. தேர்வாளர் வருவதற்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது. காலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அதுவரை நான் அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு ஒரு சொத்தை இருக்கிறது என்று போய் உட்கார்ந்தேன். பதற்றத்தில் மரத்துப்போக ஊசி போடவும் மறந்துவிட்டாள். நான் கடைசிவரை சிரித்த முகமாகவே இருந்தேன்.

உட்காருவதற்கு முன்னால், வாஷ்பேசின் கண்ணாடியில் பார்த்து, பேனா மையால் அந்தப் பல்லில் நானே ஒரு கறுப்புப் புள்ளி வைத்தேன்.

அவசரத்தில் பள்ளத்துக்குப் பேனா முனை எட்டவில்லை.